ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு இருபத்தைந்து நிமிஷம்

சந்திரமௌலிக்கு எதையும் நிமிஷக் கணக்கில் சொன்னால்தான் மனசு ஆறும். பால் வந்தாச்சா என்று கேட்டால், "வந்து பதினோரு நிமிஷம் ஆச்சு" என்பார். மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டுவிட்டால், "ஆறரை நிமிஷம். நடுவில நின்னு கத்திரிக்காய் வெலை கேக்காம வந்தா" என்று பதில் வரும். ரயில்வேயின் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த ஸ்டேஷனுக்குள் எத்தனை மணிக்கு நுழைய வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்த மனிதர் வேறு எப்படி இருப்பார்? வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அப்படிப்பட்டவருக்கு நிமிஷத்துக்குள் அடங்காத ஒரு காரியம் வந்து வாய்த்தது. அதுதான் பெண்ணின் கல்யாணம்.

சாதனாவுக்கு இருபத்தொன்பது வயது. பௌதிகம் படித்துவிட்டு வானிலை வேலைக்குப் போனவள், இரண்டு வருஷமாக லடாக்கில் லே விமான நிலையத்தில் இருக்கிறாள். அரை மணிக்கு ஒரு தடவை வெளியே போய் வானத்தையும் மலையையும் பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மேகம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எத்தனை தூரத்து மலை வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் மேலே வரும் விமானி இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். கௌரவமான வேலை, கை நிறையச் சம்பளம், பார்க்கவும் லட்சணம். ஆனால் பெண் லேவில் இருக்கிறாள் என்றதும் பிள்ளை வீட்டார் "யோசிச்சுச் சொல்றோம்" என்று ஃபோனை வைத்துவிடுவார்கள். பொருந்திய ஒன்பது ஜாதகங்கள் இப்படியே மலையேற முடியாமல் நின்றுபோயின.

பத்தாவது ஜாதகம் செம்பூரிலிருந்து வந்தது. பையன் பெயர் அஷ்வத். பாங்கு அதிகாரி. அவனுக்கு உத்தியோகம் ஸ்ரீநகரில். இன்னும் மூன்று வருஷத்துக்கு அங்கிருந்து அசைய முடியாது.

பையனின் அப்பா வைத்தீஸ்வரன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எடுத்தவுடன் நம்பிவிட மாட்டார். அம்மா பிரபாவதி அதிகம் பேசமாட்டாள். பேசினால் மறுபேச்சு இருக்காது. இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு வந்தார்கள். காப்பி குடித்து முடித்ததும் வைத்தீஸ்வரன் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஜாதகம் நன்னா சேர்ந்திருக்கு. பொண்ணையும் ஃபோட்டோல பார்த்தோம், பிடிச்சிருக்கு. ஆனா சார், பையன் ஒரு மலையில, பொண்ணு ஒரு மலையில. இது கல்யாணமா, இல்லே ரெண்டு தபால் ஆபீஸா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல, சந்திரமௌலி உள்ளே போய் அட்லஸையும் அடிக்குச்சியையும் எடுத்து வந்தார். ஸ்ரீநகர் மேல் ஒரு விரல், லே மேல் ஒரு விரல்.

"ரோடு வழியா போனா நானூத்துச் சொச்சம் கிலோமீட்டர், ரெண்டு நாள். அதை விடுங்கோ. ஆகாச மார்க்கமா இருநூத்தம்பத்தஞ்சு. ஜெட் விமானம் மணிக்கு எண்ணூறு போறது. பத்தொம்பது நிமிஷம். கிளம்பி வேகம் பிடிக்க மூணு, வேகத்தைக் குறைச்சு நிக்க மூணு. ஆக மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷமாக்கும். நீங்க இன்னிக்குச் செம்பூர்லேருந்து டாக்ஸியில எத்தனை நிமிஷத்துல வந்தேள்?"

"சயான்ல ஜாம். நாப்பது ஆச்சு."

"கேட்டேளா! உங்காத்துக்கும் எங்காத்துக்கும் நடுவில இருக்கறதைவிட அவா ரெண்டு பேரும் கிட்டக்கயாக்கும் இருக்கா."

வைத்தீஸ்வரன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதற்குள் பிரபாவதி தன் செல்ஃபோனில் எதையோ தேடி எடுத்துவிட்டாள்.

"மாமா, டிக்கெட் போடற எடத்துல அம்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கே?"

சந்திரமௌலி சிரித்தார். தொழில் ரகசியம் தெரிந்தவன் தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

"அதுல முப்பது கள்ள நிமிஷம் மாமி. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லுவோம். கடைசி ஸ்டேஷனுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கூடப் போட்டு வெப்போம். வண்டி எங்கேயாவது நின்னு லேட்டானாலும், போய்ச் சேரறச்சே போர்டுல கரெக்ட் டைம்னு வந்துடும். முப்பத்தினாலு வருஷம் என் கையாலேயே போட்டிருக்கேன். ஏரோப்ளேன்காரன் மட்டும் ஹரிச்சந்திரனா என்ன?"

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி பாகீரதி, "ஏன்னா, நடுவில மலை இருக்கே" என்றாள்.

"மலை கீழேன்னா இருக்கு!" என்றார் அவர். பாகீரதி மேலே பேசவில்லை. வந்தவர்கள் எதிரில் புருஷனைத் திருத்தும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவர்கள் போன பிறகு சேர்த்து வைத்துத் திருத்துவாள்.

வைத்தீஸ்வரன் யோசித்தார். கிளெய்ம் பார்த்த மூளை, அத்தாட்சி இல்லாமல் கையெழுத்துப் போடாது.

"சரி, ஒண்ணு பண்ணலாம். ரெண்டாவது சனிக்கிழமை பாங்குக்கு லீவு. அன்னிக்கு நேர் விமானம் இருக்கு. அஷ்வத் போகட்டும், பொண்ணைப் பாக்கட்டும். நாங்க இங்கே உங்காத்துக்கு வந்துடறோம். நீங்க சொன்னாப்பல அரை மணிக்குள்ள அவன் போய்ச் சேர்ந்துட்டான்னா, அன்னிக்கே தாம்பூலம் மாத்திண்டுடலாம். இல்லேன்னா மனசுல வெச்சுக்காதீங்கோ."

"சனிக்கிழமை ஒம்பது மணிக்கு ராகுகாலம் ஆரம்பிச்சுடும்" என்றாள் பிரபாவதி. "அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் முகம் பாத்துக்கணும்."

"ஏழு நாப்பதுக்கு ஃப்ளைட்டு. எட்டு அஞ்சுக்கு எறங்கிடும். ராகுகாலம் ஆரம்பிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை பாத்துக்கலாம்" என்றார் சந்திரமௌலி.

இப்படியாக, பெண் லேவிலும் பிள்ளை ஸ்ரீநகரிலும் சொஜ்ஜி பஜ்ஜி மாட்டுங்காவிலுமாக ஒரு பெண் பார்க்கும் வைபவம் நிச்சயமானது.

*

அந்தச் சனிக்கிழமை சந்திரமௌலி நாலரைக்கே எழுந்துவிட்டார். மே மாதப் புழுக்கத்தில் மூன்று தடவை சட்டை மாற்றினார். வெளியில் சொல்லவில்லையே தவிர, அவருக்கு உள்ளூரப் பயம்தான். ஒன்பது தடவை ஃபோனை வைத்துவிட்டார்கள். இது பத்தாவது. இதுவும் கை நழுவினால், சாதனா "பரவால்லேப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க அவருக்குத் தெம்பில்லை.

ஏழேகாலுக்கு டிவியில் சாதனா வந்தாள். செல்ஃபோனில் வரும் முகத்தைப் பெரிய திரையில் காட்ட அவர் முந்தின நாளே கற்று வைத்திருந்தார். கரும்பச்சைப் பட்டுப் புடவை, அதன் மேல் தடித்த ஜாக்கெட், தலையில் கம்பளிக் குல்லாய். பின்னால் ஆபீஸ் சுவரில் கோடு கோடாக வரைபடங்கள் தொங்கின.

"என்னடி, ஆபீஸ்லேருந்தா பேசறே?" என்றாள் பாகீரதி.

"கூட வேலை பாக்கற பரீஹாவுக்கு ஜுரம்மா. காலம்பற டியூட்டிக்கு வேற ஆள் இல்லே. ஒம்பது வரைக்கும் நான்தான். ஃப்ளைட் எறங்கினா அவர் வெளியில வர வாசலுக்கே போயிடறேன், நடந்து ரெண்டு நிமிஷம்தான்."

"வானம் எப்படி இருக்கு?" என்றார் சந்திரமௌலி.

"கிழக்கால கொஞ்சம் மேகம் நிக்கறதுப்பா. பாக்கலாம்."

அவர் எழுந்து போய் ஜன்னல் வழியாக மாட்டுங்காவின் வானத்தைப் பார்த்தார். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"இங்கே ஒரு பொட்டு மேகம் இல்லையே!" என்றார். பாகீரதி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாழைக்காய் சீவப் போய்விட்டாள்.

ஏழரைக்குச் செம்பூர்க்காரர்கள் வந்தார்கள். பூ, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். அந்தத் தட்டைப் பார்த்ததும் சந்திரமௌலிக்குப் பாதிக் கல்யாணம் ஆனதுபோல் இருந்தது. வைத்தீஸ்வரன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் நிமிர்த்தி வைத்தார். பிரபாவதி செல்ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள். எந்த விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப் அதில் இருந்தது. பிள்ளை ஸ்ரீநகருக்குப் போன நாளிலிருந்து அவன் ஏறிய ஒரு விமானத்தையும் அவள் விட்டதில்லை. தரை தொடும் வரை கண் எடுக்க மாட்டாள், வாயில் ஏதோ ஸ்லோகம் ஓடிக்கொண்டிருக்கும்.

"பஜ்ஜி சூடா இருக்கு, கொண்டுவரட்டுமா?" என்றாள் பாகீரதி.

"பையன் பொண்ணைப் பாத்தப்புறம்தான் சாப்பிடறது வழக்கம்" என்றாள் பிரபாவதி. பஜ்ஜி தட்டு மூடியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தது.

விமானம் ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கிளம்பியது. பிரபாவதியின் ஃபோனில் ஒரு மஞ்சள் குட்டி விமானம் மலைகளின் மேல் ஊர ஆரம்பித்தது.

"பன்னெண்டு நிமிஷம் லேட். பரவால்லே. எட்டு பதினேழுக்கு எறங்கும்" என்றார் சந்திரமௌலி.

எட்டு ஐந்துக்கு அந்த மஞ்சள் விமானம் பாதி வழி போயிருக்க வேண்டும். அது என்னடாவென்றால், ஸ்ரீநகருக்கு மேலேயே வளைந்து வளைந்து உயரம் ஏறிக்கொண்டிருந்தது. எட்டு பதினேழுக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை. வைத்தீஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் சந்திரமௌலிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அவுட்டர் சிக்னல்ல நிறுத்தியிருப்பான்" என்றார் தாமாகவே.

"ஆகாசத்துல ஏது சார் சிக்னல்?"

"இருக்கும். நமக்குத் தெரியாது."

எட்டு முப்பத்தெட்டுக்கு விமானம் லேவுக்கு மேலே வந்துவிட்டது. நால்வரும் ஃபோனைச் சுற்றிக் குனிந்தார்கள். "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று சந்திரமௌலி சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். மஞ்சள் விமானம் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. பிறகு மூக்கை மேற்கே திருப்பிக்கொண்டு, வந்த வழியே ஊர ஆரம்பித்தது.

"திரும்பறதே!" என்றாள் பிரபாவதி.

மின்விசிறி மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது. ராகுகாலம் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

*

ஒன்பது பத்துக்கு டிவியில் சாதனா மறுபடி வந்தாள். குல்லாய் இல்லை. காற்றில் முடி கலைந்திருந்தது.

"அப்பா, ஃப்ளைட் ஸ்ரீநகருக்கே திரும்பிடுத்து. நமஸ்காரம் மாமா, நமஸ்காரம் மாமி. மன்னிச்சுக்கோங்கோ. மேகம் சடக்குன்னு எறங்கிடுத்து."

"யாரும்மா வேண்டாம்னது?" என்று கேட்டார் வைத்தீஸ்வரன்.

"விமானிதான் முடிவு பண்ணுவார் மாமா. ஆனா கீழே எப்படி இருக்குன்னு அவருக்கு எழுதிக் கொடுத்தது நான். இங்கேருந்து ஏழு கிலோமீட்டர்ல ஒரு மலை முனை இருக்கு. அது தெரியறதான்னு பாப்போம். எட்டு மணிக்குத் தெரிஞ்சது. எட்டரைக்கு வெளியில போய் நின்னேன், தெரியலே. தெரியலேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

பிரபாவதி தலை நிமிர்ந்தாள். "விமானத்துக்குள்ளே இருக்கறது யாருன்னு தெரிஞ்சுமா எழுதினே?"

"தெரியும் மாமி. பதினாலாவது வரிசை, ஜன்னலோரம். ஏறினதும் ஃபோட்டோ அனுப்பியிருந்தார்."

பெண்ணைப் பார்க்க வந்த பிள்ளையைப் பெண்ணே வாசலோடு திருப்பி அனுப்பியதாக எந்த ஊர்க் கதையிலும் சந்திரமௌலி கேட்டதில்லை. அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பத்தாவது ஜாதகம் கண்ணெதிரே எழுந்து போகிறதே என்ற தவிப்பில், கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்து எழுதியிருக்கப்படாதாம்மா?"

திரையில் அவள் முகம் உறைந்துவிட்டதோ என்று பாகீரதி கிட்டப் போய்ப் பார்த்தாள். உறையவில்லை.

"அப்பா, மலை தெரியலே. தெரியறதுன்னு எழுதச் சொல்றேளா?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். அதுதான் அவரை அறைந்தது. அவர் தலை தானாகக் குனிந்துகொண்டது.

அப்போது பாகீரதி வழக்கத்தை மீறினாள். வந்தவர்கள் எதிரிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்னா, கர்ஜத்துலேருந்து லோணாவ்ளா இருபத்தெட்டு கிலோமீட்டர்தானே? அதுக்கு முக்கால் மணிக்கு மேல போட்டிருக்கேளே, மாட்டு வண்டியா ஓட்டறேள்னு ஜனங்க கடுதாசி எழுதுவா. ஒவ்வொருத்தருக்கும் நீங்க ஆத்துல உக்காந்து பதில் எழுதுவேள். என்ன எழுதுவேள்? சொல்லுங்கோ."

பாகீரதி பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"மலையில கிலோமீட்டரைப் பாக்காதீங்கோ, பின்னாடி ரெண்டு எஞ்சின் தள்ளிண்டுதான் ஏறணும், நேரம் ஆனா ஆகட்டும், ஜனங்க பத்திரமா ஏறணும்னு எழுதுவேள். நான்தானே ஸ்டாம்ப் ஒட்டினேன்? ஊருக்கெல்லாம் சொன்னேளே, சொந்தப் பொண்ணு விஷயத்துல மட்டும் மலை எங்கே போச்சு?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சந்திரமௌலியின் சுரைக்காய் ஏட்டில்கூட ஒழுங்காகக் காய்க்கவில்லை. தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் ஆறுதலாவது இருந்திருக்கும். மலையைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர், கல்யாண ஆசையில் அதை அடிக்குச்சியால் தட்டி மட்டமாக்கிவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியிலிருந்து, அவரே எதிர்பாராமல், பெருமையும் பொங்கி வந்தது. கல்யாணம் நின்றுபோனாலும் பரவாயில்லை என்று நின்று பார்த்து உள்ளதை எழுதியவள் அவர் பெண்.

அவர் வைத்தீஸ்வரன் பக்கம் திரும்பினார். கை கூப்பவில்லை, குழையவும் இல்லை.

"சார், என் கணக்கு தப்பு. அந்த அம்பத்தஞ்சு நிமிஷத்துல ஒரு கள்ள நிமிஷமும் கெடையாது. சில நாள் அதுக்கு மேலயும் ஆகும். சில நாள் இப்படித் திரும்பியும் போகும். அரை மணி தூரம்னு உங்களை நம்ப வெச்சேன், மன்னிச்சுக்கோங்கோ. ஆனா கணக்குதான் தப்பு. எம் பொண்ணு தப்பில்லே. நீங்க தட்டை எடுத்துண்டு போனா எனக்கு வருத்தம் இருக்கும், கோவம் இருக்காது."

வைத்தீஸ்வரன் மேஜை மேல் இருந்த கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "நீங்க ஒத்துண்டதுக்கு சந்தோஷம் சார். ஆனா நான் பயந்தது இதுக்குத்தான். பாருங்கோ, காலம்பறலேருந்து பறந்துண்டே இருக்கான், இன்னும் கிளம்பின எடத்துக்கே வந்து சேரலே. நாளைக்குக் கல்யாணம் ஆகி, இவா ரெண்டு பேரும் எப்போ…"

"செத்த சும்மா இருங்கோ" என்றாள் பிரபாவதி.

அவள் கண் ஃபோனைவிட்டு நகரவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. மஞ்சள் விமானம் ஸ்ரீநகரை நெருங்கி, தாழ்ந்து, நின்றது. மணி ஒன்பது முப்பத்தைந்து. அவள் ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எறங்கிட்டான்" என்றாள். பிறகு டிவியைப் பார்த்து, "சாதனா, இருக்கியாம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கேன் மாமி."

"மூணு வருஷமா அவன் ஏறின ஒவ்வொரு விமானத்தையும் பாத்துண்டிருக்கேன். இங்கே உக்காந்துண்டு ஸ்லோகம் சொல்றதைத் தவிர என்னால என்ன முடியும்? கீழே ஒருத்தி குளிர்ல நின்னு, அவனுக்காக மலையைப் பாத்துண்டிருப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது." அவள் டிவிக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். "ஒம்பதுக்குள்ள பாத்தாகணும்னு அவசரப்படுத்தினது நான். நீ அவசரப்படலே. இன்னிக்கு எம் பிள்ளை பத்திரமா இருக்கான்."

சாதனா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எங்கேயோ பார்த்தாள். பாகீரதி வெளிப்படையாகவே அழுதுவிட்டாள்.

"அது சரி பிரபா" என்று வைத்தீஸ்வரன் இழுத்தார். "ஆனா ரெண்டு பேரும் ரெண்டு மலையில…"

"நாம ரெண்டு பேரும் ஒரே ஃப்ளாட்லதான் இருக்கோம். நீங்க டிவி முன்னாடி, நான் சமையக்கட்டுல. நடுவில எத்தனை மணி நேரம்னு மாமாவைக் கணக்குப் போடச் சொல்லட்டுமா?"

சந்திரமௌலி அவசரமாக, "நான் இனிமே கணக்கே போடறதா இல்லே மாமி" என்றார். வைத்தீஸ்வரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பத்தரைக்கு ராகுகாலம் முடியறது. தாம்பூலம் மாத்திண்டுடலாம்" என்றாள் பிரபாவதி. "அது வரைக்கும் பஜ்ஜி சாப்பிடலாமே. வழக்கமெல்லாம் இன்னிக்கு ஏற்கெனவே காத்துல பறந்துடுத்து."

ஆறிப்போன பஜ்ஜியை அத்தனை ருசித்து யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வைத்தீஸ்வரன் ஒன்பது எடுத்துக்கொண்டார். சந்திரமௌலி எண்ணினார், ஆனால் வெளியே சொல்லவில்லை. நடுவில் அஷ்வத்தும் ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டான். டிவி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் அவன், மறு பாதியில் அவள்.

"அம்மா, டென்ஷன் மத் லோ, கவலையே படாதே, ஏக்தம் ஜாலி!" என்றான். "ஒரே டிக்கெட்ல ரெண்டு தடவை இமயமலை பாத்தாச்சு. அடுத்த சனிக்கிழமைக்கு லீவு சொல்லி டிக்கெட்டும் போட்டுட்டேன். அன்னிக்கும் திருப்பி அனுப்பினா அதுக்கடுத்த வாரம். அங்கிள், அடுத்த வாரம் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்?"

எல்லோரும் சந்திரமௌலியைப் பார்த்தார்கள். முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத பதில் அன்று வந்தது.

"மலை எப்போ தெரியறதோ அப்போ மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அஷ்வத் மட்டும் காது வரை சிரித்தான்.

பத்தரை தாண்டி இரண்டு நிமிஷம் ஆனது. பாகீரதி விளக்கேற்றினாள். சந்திரமௌலி எழுந்து நின்று வேஷ்டியைச் சரி செய்துகொண்டார். வைத்தீஸ்வரன் தட்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர், கடைசியாக ஒரு சந்தேகம் வந்து, அப்படியே நின்றார். கிளெய்ம் பார்த்த மனிதர் அல்லவா!

"எல்லாம் சரி. பெரியவா நாம பேசி முடிச்சுட்டோம். ஆனா பொண்ணு இன்னும் பையனை நேர்ல பாக்கவே இல்லையே? சாதனா, உனக்கு நெஜமாவே சம்மதம்தானா? யாருக்காகவும் சொல்ல வேண்டாம்மா."

சந்திரமௌலி டிவி பக்கம் திரும்பினார். இத்தனை கணக்குப் போட்டவர் இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாகப் பெண்ணிடம் கேட்டதே இல்லை.

சாதனா திரையின் மறு பாதியை ஒரு பார்வை பார்த்தாள்.

"நேர்ல பாக்கலே மாமா. சத்தம்தான் கேட்டேன். மேகத்துக்கு மேல வந்து ரெண்டு சுத்து சுத்தினார். நான் வேண்டாம்னேன். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை எதிர்த்துக் கேக்கலே, பேசாம திரும்பிப் போயிட்டார். இப்படி ஒருத்தர் அகப்பட்டா நான் விடுவேனா?"

வைத்தீஸ்வரன் தன் மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் தட்டை நீட்டினார்.